மதினிக்கு நான் விட்ட ரீல்

என் ஆசை மதினிக்கு,

நீங்கள் போய் ஒரு தீபாவளி சீசன் ஓடிவிட்டது. தாயில்பட்டி பட்டாசு ஷெட்டில் உங்கள் இடத்தில் யாரையும் உட்கார விடாமல் என் டிபன் பையை வைத்திருக்கிறேன். போர்மேன் முறைக்கிறார். முறைக்கட்டும்.

அந்த டிவி தொடரை மறுபடி போடுகிறார்கள். பிரான்ஸ் நாட்டில் சினிமா பிறந்து வளர்ந்த கதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மாற்றச் சொல்லிக் கத்தக் கத்த, ரிமோட்டை மடியில் ஒளித்துக்கொண்டு பார்த்தீர்களே, அதுதான். முதல் வாரம் பிலிம் சுருளைக் காட்டியதும், நம் ஊர் சுருள் கேப்பு என்று அடித்துச் சொன்னீர்கள். எந்தப் பொம்மைத் துப்பாக்கிக்கு இம்புட்டு நீளம் என்று சந்தேகம் வேறு!

அடுத்த வாரம் அந்தப் பெண்கள் வந்தார்கள். கலர் பிலிம் வருவதற்கு முன்னால், ஒவ்வொரு குட்டிப் படத்துக்கும் கையாலேயே சாயம் பூசியவர்கள். நீள மேசை, வரிசையாகக் குனிந்த தலைகள். பெட்டிக்கு லேபிள் ஒட்டும் நம் வரிசையேதான். நிகழ்ச்சி முடிந்து எழுத்து ஓடியபோது என் கையைப் பிடித்தீர்கள்.

"அந்தப் பொம்பளைக பேரு வருதா பாரு. நீ பத்தாப்பு படிச்சவதான?"

வரவில்லை, மதினி. ஓடியதெல்லாம் தொடரை எடுத்தவர்கள் பேர். உங்கள் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகப் புளுகியது. மேரி, ரோஸ், லூர்து, அந்தோணியம்மா என்று சாத்தூர் சர்ச் வாசலில் கேட்ட பேரையெல்லாம் வாசித்தேன். "அம்புட்டுப் பேரும் போட்டுட்டான் பாரேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். மறுநாள் ஷெட் முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்கள். அந்த வாரமே காய்ச்சலில் படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு நாள் கிடைக்கவில்லை. தெரிந்தால் என்னை மன்னித்திருப்பீர்களா?

விருதுநகரில் ஹாஸ்டலில் தங்கிப் படம் எடுக்கப் படிக்கும் உங்கள் மகள் செல்வியிடம் போன வாரம் அழுதுகொண்டே சொன்னேன். உங்களைப் போல ரோசக்காரி, திட்டுவாள் என்று பார்த்தேன்.

"அவுக பேரு போச்சு அத்தை. நம்மாளுக பேரைப் போடுவோம்" என்றாள்.

கம்பெனிக்குள் செல்போனே கொண்டுபோகக் கூடாது. அதனால் வேலை விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே கேமராவை வைத்தாள். எல்லாரும் கை கழுவி, நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொருத்தியாக நின்று பேரைச் சொன்னோம். என் முறை வந்ததும் முதலில் உங்கள் பேரைச் சொன்னேன். மாரியம்மாள். அப்புறம்தான் என் பேர்.

படம் தயாரானதும் உங்கள் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து, கடைசியில் வரும் பேரை ஒன்றுவிடாமல் சத்தமாக வாசிப்பேன். இந்தத் தடவை எழுதியிருப்பதை மட்டும். சத்தியம், மதினி.

பத்தாப்பு படித்த உங்கள் நாத்தனார்,
முத்துலட்சுமி