சந்தை இரைச்சல் ஒரு குப்பை

14 மே, வியாழன்
காலையிலிருந்து மூடுபனி. துணி காயவில்லை. கோடை விழாக் கூட்டம். ஏரி வரை கார் நகரவில்லை.

நண்பன் ஜெரோம் எங்கள் கார்டு ஆட்டத்துக்குப் புதுக் கார்டு ஒன்று வாங்கியிருக்கிறான். பெயர் ‘சந்தை இரைச்சல்’. அதை இறக்கினால் இருவர் கையிலுள்ள கார்டுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலைத்து, மறுபடி பங்கிட வேண்டும். பிறகு எதிராளியிடம் ஒரு கார்டை நீட்ட வேண்டும். எடுத்துக்கொண்டால் அத்தோடு சரி. மறுத்தால் இன்னொரு கலைப்பு. இரண்டாவது கலைப்பில் ‘மலைப்பாம்பு’ கார்டு வெளியே வரும். மறுத்தவன் தோற்றான், ஆட்டம் முடிந்தது.

மூளையுள்ள எவன் மறுப்பான்? இலவசக் கார்டு! பூட்டை வாங்கிச் சாவியைத் திருடனிடம் கொடுக்கும் வேலை.

வெள்ளக்கடை ஊரில் அவன் வீட்டிலேயே சொன்னேன். “குப்பைடா.”

“ஆடிப் பாத்துட்டுப் பேசுடா, இன்ஜினியரு.”

அவன் அம்மா பலாச்சுளைத் தட்டோடு வந்தார். “எடுத்துக்க கண்ணு.”

“இருக்கட்டுங்க.”

“அட, எடுங்கறேன்.”

எடுத்தேன். தட்டு காலி.

15, வெள்ளி
மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. லேப்டாப்பில் நிரல் எழுதி ஆயிரக்கணக்கில் ஆட்டம் ஓட்டினேன். பாம்பு ஒரு தடவைகூட வரவில்லை. ஜெரோமுக்கு அனுப்பினேன்.

பதில்: “உன் கம்ப்யூட்டருக்கு எந்த ஊருடா?”

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

ஞாயிறு சேலத்தில் போட்டி. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே இடம். நாளை எங்களுக்குள் ஆட்டம், ஜெயிப்பவன் போகலாம். திங்கள் முதல் எனக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. இனி ஞாயிறு என்று ஒன்று கிடையாது. இதை விட்டால் இல்லை.

16, சனி
எழுதவே எரிச்சல்.

ஆட்டம் என் கையில்தான் இருந்தது. இன்னும் ஒரு அடி, அவன் காலி. அப்போது இறக்கினான், சந்தை இரைச்சல். கொட்டினான், கலைத்தான், பங்கிட்டான். என்னிடம் ‘டா’ போடாமல் பேசியே அறியாதவன், குனிந்து, இரண்டு கையாலும் கார்டை நீட்டி:

“ஏனுங்க, ஒண்ணு எடுத்துக்கங்க.”

“இருக்கட்டுங்க.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“மறுத்தாச்சு.”

“டேய், அது மறுப்பில்லடா!”

“வேற என்னடா அது?”

அடுப்படியிலிருந்து அவன் அம்மா: “நம்மூட்டுல மொதத் தடவ கேட்டதும் அவன் எதத்தான் எடுத்திருக்கான், சாமி?”

பாம்பு வந்தது.

கேவலமான தந்திரம். நிரலில் எதிராளிக்கு மூளை வைத்திருந்தேன். வளர்ப்பு வைக்கத் தோன்றவில்லை.

17, ஞாயிறு
வெயில். பெட்டி கட்டல். சாக்ஸ் ஒன்று காணோம்.

மதியம் சேலத்திலிருந்து ஜெரோம் போன். பின்னால் பஸ் ஹார்ன்.

“மொத ரவுண்டுலயே போச்சுடா.”

“பாம்பு?”

“எங்க வந்துச்சு? மெட்ராஸ்காரப் பையன். நீட்டறதுக்குள்ள புடுங்கிட்டான். ஒரு பேச்சுக்காச்சும் வேண்டாம்னு சொல்ல வேணாமா? நொம்ப மரியாத கெட்ட பய.”

என் கணக்கு சரி. கார்டு குப்பை. அது தெரிந்தவன் இங்கே சாக்ஸ் தேடிக்கொண்டிருக்கிறான்.