இரவுக் கமராவில் ஜின்களின் முகம்

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்பின் ஸம்றா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். எனக்குக் கடையில் வேலை கூட. சுகம் விசாரித்தது போதும், விசயத்துக்கு வாறேன். ஜின்களின் முகத்தைக் கண்டுவிட்டேன்.

மூத்தப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்த அந்தப் பழைய ஜின் கதைப் புத்தகம்தான். படத்தில் உயிருள்ளதுக்கு முகம் ஆகாது என்று வாப்பா ஒவ்வொரு முகத்தையும் பேனை மையால் அடைத்து வைத்திருந்தாரே. மைக்குள்ளே என்ன முகம் இருக்கும் என்று யோசித்து யோசித்துத்தானே நீங்க படம் கீறப் பழகினீங்க. கடைசியில் பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் படம் கீற தோஹாவுக்கே போனீங்க. அன்றையிலிருந்து நீங்களும் வாப்பாவும் கதைக்கிறதில்லை.

ஒலுவில் ஐஸ் ஆலை ஒன்றுக்குப் பூட்ட வேண்டிய இரவுக் கமராவைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஜன்னலை அடைத்துவிட்டு நேற்றுப் பின்னேரம் சோதித்தேன். முன்னால் அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். டீவியில் பார்த்தால் மையைக் காணவில்லை. காரணம் லேசு. அந்தக் கமரா விடுகிற வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. பேனை மைக்குள்ளால் அது புகுந்து போய்விடும். அச்சு மை கரியால் செய்தது, அது மட்டும் நிற்கும்.

ராத்தா, நாம பயந்து செத்தோமே, அரண்மனையைச் சுமக்கிற இப்ரீத்து ஜின், அவனுக்கு நெல் மூட்டை தூக்கிக் களைத்த ஆளின் முகம். மீன்வால்காரி நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுகிறாள். நாலு தலைப் பறவையில் ஒரு தலை நித்திரை.

நான் கத்தினதில் அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா உள்ளே வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பு என்றார். இவ்வளவு காலமும் பாவம், மைக்குள்ளே ஜின்களுக்கு மூச்சு முட்டியிருக்கும் என்று உம்மா சீண்டினா. அவர் சிரிக்கவில்லை, எழும்பவும் இல்லை.

கடைசிப் பக்கத்தில் சிறகு முளைத்த பெண். அவளுடைய முகத்தைச் செல்லுப் பூச்சி அரித்ததால் நீங்க சின்னதில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி, நீலப் பேனையால் முகம் கீறினீங்க. கமராவில் அது வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. பேனை மைதானே, எனக்கு விளங்கியது. வாப்பாவுக்கு விளங்கவில்லை. எழும்பிவிட்டார்.

"புள்ள கீறின முகம் எங்கடா?"

புத்தகத்தைப் பறித்து, ஜன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருந்தது. நானும் அப்போதுதான் கவனித்தேன்: முழுப் புத்தகத்திலும் அந்த ஒரு முகத்தில் மட்டும் அவர் மை வைக்கவில்லை. ஏன் வாப்பா என்று கேட்டேன். ஒட்டின கடதாசியின் ஓரம் கிளம்பியிருந்தது, அதை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

படங்களைப் பிரிண்ட் எடுத்து, தோஹாவுக்குத் திரும்புகிற ஸஜாத்தின் கையில் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். பார்த்த கையோடு கோல் எடுங்க. உம்மாவின் போனுக்கு வேண்டாம், வாப்பாவின் நம்பருக்கு. ஆரு என்று கேட்பார், தெரிந்துகொண்டே கேட்பார். வைத்துவிடாதீங்க. தோஹாவில் இப்ப நேரம் என்ன என்று இன்றைக்குக் காலையில் சும்மா கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்.

அவர் சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்: அல்லாஹ் உங்கட கையில் பறக்கத்தும் அருளும் செய்வானாக.

உங்கட தம்பி,
ஜவுபர்