நான் தூக்கிவிட்ட சுவிட்ச்

அண்ணா,

போகிக்குப் பரண் ஒழித்தபோது அந்தப் பீஸ் கட்டை கிடைத்தது. பழைய மெயின் போர்டில் இருந்ததே, வெள்ளைப் பீங்கான், ஒரு மூலை உடைந்தது, அதுதான். பழைய சாமான்காரருக்குப் போட மனசு வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நெல்லித்தோப்பிலிருந்து அரியாங்குப்பத்தில் என் வீட்டுக்கு, ஒரு சுவிட்ச் மாற்றக்கூட நீதான் வருவாய். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் வேலை பார்த்தவனுக்கு ஒயரிங் வேலையில் அத்தனை ஆசை! ஆசை இருந்த அளவுக்குப் பயமும் இருந்தது. வந்ததும் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். "இது என் பையில இருக்கிற வரைக்கும் எவனும் கரண்டு குடுக்க முடியாது" என்பாய். ஒரு சித்திரை வெயிலில் வேலையைப் பாதியில் விட்டு, அந்தக் கட்டையோடு டீ குடிக்கப் போய்விட்டாய். ஒரு மணி நேரம் நானும் விசிறியுமாக உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்ததும் என்ன பேச்சுப் பேசினேன்! நீ சிரித்துக்கொண்டே கட்டையைப் பொருத்தினாய்.

அந்தக் கோபத்தில்தான் வீட்டைப் புதுப்பித்தபோது பழைய போர்டைக் கழற்றச் சொல்லி, தானாக விழுகிற டிரிப் சுவிட்ச் வைத்தேன். நீ அதை மேலும் கீழும் பார்த்தாய். "நல்ல சாமான்தான். ஆனா இதுல எதை எடுத்துப் பையில போட்டுக்கறது?" என்று கேட்டாய். பட்டிக்காட்டான் மாதிரி பேசாதே என்று கேலி செய்தேன். "அப்போ ஒரு பூட்டாவது போட்டு வை" என்றாய். போடவில்லை.

மழைக்காலத்தில் ஈரத்துக்கு அந்தச் சுவிட்ச் அடிக்கடி விழும். ஏன் விழுகிறது என்று பார்க்க எனக்கு எங்கே பொறுமை? போகிற வருகிற வழியில் தூக்கிவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது.

அன்றைக்குக் குளியலறையில் ஹீட்டர் பாயிண்டைச் சரிசெய்ய வந்தாய். "மெயினை எறக்கியிருக்கேன், தொடாதே" என்று அடுப்பங்கரை வாசலில் நின்று சொன்னாய். எனக்குக் காதில் போன், கையில் மீன். "சரி, சரி" என்றேன். கொஞ்ச நேரத்தில் மசாலா அரைக்கப் போனால் மிக்ஸி ஓடவில்லை. "சனியன், திரும்ப விழுந்துடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்த் தூக்கிவிட்டேன். உள்ளே நீ விழுந்த சத்தம் கேட்டது.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். "மெயினை நிறுத்தாமலா கைய வெச்சாரு?" என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பாவி, வாயைத் திறக்கவில்லை. அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது. யார் வீட்டில் பிளக்கைத் தொட்டாலும் அண்ணி, "எங்க வீட்டுக்காரரு மாதிரி அலட்சியமா இருக்காதீங்க" என்பார். உன்னைப் போல் ஜாக்கிரதைக்காரன் இந்தப் புதுச்சேரியிலேயே கிடையாது. எனக்கு மட்டும் அது தெரியும். தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருப்பேன்.

இப்போது என் வீட்டு போர்டுக்குப் பூட்டு உண்டு. சுவிட்ச் விழுந்தால் வீடு முழுக்கக் குரல் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் தொடுகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இன்று காலை நெல்லித்தோப்புக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணி, "அப்போ அவரு நிறுத்திட்டுத்தான் கைய வெச்சாரா?" என்று கேட்டார்.

"ஆமாம் அண்ணி."

திரும்பவும் அதையே கேட்டார். திரும்பவும் ஆமாம் என்றேன். எழுந்து போய் உன் படத்தின் முன்னால் நின்றார்.

"ஏழு வருஷமா, தினம் வெளக்கேத்தும்போது இந்த மனுஷனைத் திட்டிட்டேனேடி" என்றார். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

அத்தனையும் என்னைச் சேர வேண்டிய திட்டு, அண்ணா. ஏழு வருஷமாக நீ வாங்கிக்கொண்டிருந்தாய்.