கைபடாத கெமிஸ்ட்ரி

புரட்டாசி, வியாழக்கிழமை இரவு

சொன்னால் வெட்கக்கேடு. இன்று மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். கெமிஸ்ட்ரி டீச்சர் பெரிய திரையில் சோடியத்தைத் தண்ணீரில் போடுகிற படம் காட்டினார். படீரென்று வெடித்தது. அடுத்த நொடி நான் வாசலுக்கு வெளியே நின்றேன். திரும்பினால், பட்டாசுக் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிற அத்தனை அம்மாக்களும் பின்னாலேயே நிற்கிறார்கள். சத்தம் கேட்டால் எங்களுக்குக் கால்தான் முதலில் யோசிக்கும்.

"படந்தாம்மா, உள்ள வாங்க. நாங்க படிக்கையில லேப்ல கையால செஞ்சோம். இப்ப எல்லாம் திரையிலதான். பிள்ளைகளுக்கு ஆபத்தில்ல," என்றார் டீச்சர்.

"கைபடாமச் சோறாக்கச் சொல்லித் தாரீகளோ டீச்சர்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டில் அவளுடைய யூனிஃபார்ம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யம்மா, நீ கேட்டது நெசந்தான். பார்த்துப் பார்த்துச் சலிச்சிருச்சு. உங்க கம்பெனியில லேப் இருக்குல்ல? காலேஜ் முடிச்சிட்டு வா, வேலை தாரேன்னு ஃபோர்மேன் மாமா சொன்னாக. அங்கன எல்லாம் கையால செய்யலாம்."

அந்தக் கம்பெனி கேட்டுக்குள் இவள் கால் வைக்கக் கூடாது என்றுதான் படிக்க வைக்கிறேன். வேண்டாம் என்றால், நீ மட்டும் போறியே என்பாள். எனக்கு வேறு வேலை தெரியாது. இஸ்திரிப்பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டையின் முதுகில் இஸ்திரிப்பெட்டி அளவுக்குக் கருகிவிட்டது. நாளைக்குப் பள்ளிக்கூடம்; இருக்கிற இன்னொரு சட்டை வாளியில் ஊறுகிறது.