சிரிக்கிற வாத்து

ஜூலை 9, செவ்வாய்

வாத்தின் மார்பை இன்று வரைந்து முடித்துவிட்டேன். அந்தச் செம்பழுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது, நானே கலந்தது. கலந்த விதத்தை வெளியே சொன்னால் கல்லூரிகளில் பாடமாக வைத்துவிடுவார்கள், அதனால் எழுதவில்லை. மறந்துவிட்டது என்பதும் ஒரு காரணம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைப் போதும் என்று சொல்லிவிட்டது. தூரிகை இன்னும் அப்படிச் சொல்லவில்லை.

இது ஏழாவது வாத்து. வேட்டைக்குப் போகிறவர்கள் உரிமத்தில் ஒட்டும் வாத்து ஸ்டாம்புக்காக மாநிலத்தில் வருஷா வருஷம் ஓவியப் போட்டி வைக்கிறார்கள். ஜெயித்த வாத்து ஒவ்வொரு வேட்டைக்காரனின் சட்டைப்பையிலும் ஏறி ஊர் ஊராகப் போகும். போன ஆறு வருஷமும் எனக்கு இரண்டாம் இடம். மயிரிழையில் தவறியது.

— சரி. இது நாட்குறிப்பு. இங்கே யாரும் இல்லை. ஆறு வருஷமும் முதல் சுற்றிலேயே வெளியே. விஷயம் ஆர்டிஸுக்கு மட்டும் தெரியும். நாற்பது வருஷமாக என் மனைவி. தபால் பெட்டியை முதலில் திறக்கிறவள்.

ஜூலை 11, வியாழன்

பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். "தங்கள் ஓவியம் மிகுந்த கவனத்துடன் பார்க்கப்பட்டது." மிகுந்த கவனம்! ஆர்டிஸிடம் காட்டினேன்.

"எல்லாருக்கும் இதேதான்யா அச்சடிச்சு அனுப்புறாங்க" என்றாள்.

கையெழுத்துக்குக் கீழே மை லேசாகச் சிதறியிருக்கிறது. மனசில்லாமல் கையெழுத்துப் போட்ட கை. அதையுமா அச்சடிப்பார்கள்?

ஆகஸ்ட் 3, சனி

வினை.

லுவெல்லாவின் காபிக்கடையில் சும்மா பேசிக்கொண்டிருந்தேன். போன வருஷம் என் படத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளும்போது ஒரு நடுவர் அழுதுவிட்டார் என்ற இடம் வரும்போது மேஜையே அமைதியாகிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "அந்தத் தேர்வ யார் வேணா போய்ப் பாக்கலாமே" என்று ஒரு வார்த்தை கூடுதலாக விட்டேன்.

லுவெல்லா காபிக் குடுவையைக் கீழே வைத்தாள். "அப்ப இந்த வருஷம் நாங்களும் வர்றோம்."

"சர்ச் வேன எடுத்துக்கலாம், நான் ஓட்டுறேன் அத்தான்" என்றான் டெல்மர். ஆர்டிஸின் தம்பி. எங்கே வண்டி ஓட்டலாம் என்று அலைகிறவன்.

பத்து நிமிஷத்தில் பதினாலு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் என்ன சொன்னேன்? தாராளமா வாங்க என்றேன். இந்த வாயை என்ன செய்ய?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வேன் கெட்டுப்போகட்டும் என்று சர்ச்சிலேயே உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். தப்புதான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

முடிந்தது! இந்த மாநிலத்தில், ஏன், ஆர்க்டிக் வரைக்கும் இப்படி ஒரு வாத்து கிடையாது. இந்த வருஷம் மரப்பொந்தில் கூடு கட்டுகிற வண்ண வாத்தை வரையச் சொல்லியிருந்தார்கள். பச்சை, ஊதா, வெள்ளை, சிவப்புக் கண். கடவுளே கொஞ்சம் அளவு மீறிவிட்ட பறவை. நான் அவரைப் பின்பற்றினேன், அவ்வளவுதான். ஒருவருக்கும் காட்டாமல் துணி போட்டு மூடிவிட்டேன். ஆர்டிஸ் மட்டும் தூக்கிப் பார்த்தாள்.

"இது சிரிக்குதே, ஓர்வல்."

"சந்தோஷமா இருக்கு. சிரிக்குது."

"வாத்துக்கு உதடு ஏதுய்யா?" அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "வேன் கிளம்புறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடேன்."

நான் கணக்குப் போட்டுவிட்டேன். இந்த வருஷம் ஜெயித்துவிட்டால், முதல் பரிசுக்காரன் முன்பு இரண்டாவதாக வந்தானா இல்லையா என்று யார் கேட்கப்போகிறார்கள்? பழைய பொய் ஆறும் தானாகக் கரைந்துவிடும். ஜெயிக்காவிட்டால்? அதை இன்னும் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

டெல்மர் வேனுக்குப் புது டயர் போட்டுவிட்டான். லுவெல்லா ஆப்பிள் பை ஐந்து சுட்டிருக்கிறாளாம். ஒவ்வொன்றின் மேலும் மாவிலேயே ஒரு வாத்து.

செப்டம்பர் 28, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பழக்கமில்லாத வேலை.

பெரிய கூடம். முன்னால் ஐந்து நடுவர்கள். ஒரு பெண் படத்தை ஏந்தி அவர்கள் முன் நடப்பாள், மணி அடிக்கும், ஐந்து பேரும் அட்டை தூக்குவார்கள். ஒரு பக்கம் 'உள்ளே', மறு பக்கம் 'வெளியே'. எண்ணைத்தான் சொல்வார்கள், பெயரைச் சொல்ல மாட்டார்கள். பெயரெல்லாம் திங்கட்கிழமைதான்.

எண்பத்து மூன்று என்னுடையது. மணி. வெளியே, வெளியே, வெளியே, வெளியே, வெளியே. நாலு விநாடி.

பின் வரிசையில் எங்கள் கூட்டம் ஒரே சிரிப்பு. "ஐயோ, பாருடி, அது நம்மளப் பாத்துச் சிரிக்குது!" லுவெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவன் வரைஞ்சானோ பாவம். எனக்குப் புடிச்சிருக்கு."

காது சூடாகிவிட்டது. அடுத்தடுத்த சுற்றுகள் போயின. கடைசியில் இரண்டாம் இடம் பன்னிரண்டாம் எண்ணுக்கு. டெல்மர் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"அடிச்சீங்களே அத்தான்! மறுபடியும் ரெண்டாவது!"

பதினாலு பேரும் எழுந்து கைதட்டுகிறார்கள். யாரோ விசில் அடிக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். திங்கட்கிழமை வரைக்கும் நான்தான் ராஜா. அதற்குள் ஒரு நல்ல கதை பிடித்துவிட மாட்டேனா?

அப்போது அந்தப் பன்னிரண்டாம் எண்ணைப் பார்த்தேன். சாவு வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு வாத்து. உயிரில்லை, ஒன்றுமில்லை, இறகு இறகாக எண்ணி வைத்திருக்கிறான். இதையா நான் வரைந்தேன் என்று நினைக்கிறார்கள்? இதுக்கா கைதட்டுறாங்க? என்னால தாங்க முடியல.

"யோவ், அந்த மூஞ்சத் தூக்கி வச்ச வாத்தா என்னுது? என்னுது எண்பத்து மூணுய்யா! அந்தச் சிரிச்ச வாத்து!"

கைதட்டல் நின்றது.

"அது முதல் சுத்துலயே போச்சே" என்றான் டெல்மர்.

"போச்சு. ஏழு வருஷமாவும் அப்படித்தான் போகுது. ரெண்டாவதும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரும் அழுகவும் இல்ல."

சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தவள் ஆர்டிஸ். அப்புறம் லுவெல்லா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்: "அந்த வாத்தா? அது உன்னுதா? நீயா வரைஞ்ச?"

வேனில் ஐந்து ஆப்பிள் பையும் தீர்ந்தன. என் பங்கு ஒன்றேகால்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

அக்டோபர் 4, வெள்ளி

காபிக்கடையில் வேறு ஊர் ஆட்கள் இரண்டு பேருக்கு லுவெல்லா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் வெளியே, இரண்டு பேர் உள்ளேயாம். ஒரு நடுவர் அட்டையைப் பாதி தூக்கிவிட்டுத் தயங்கினாராம்.

"அஞ்சும் வெளியே, லுவெல்லா. நீயே பாத்தியே!"

"ஒருத்தர் கை நடுங்குச்சு" என்றான் டெல்மர். "நான் பாத்தேன் அத்தான். அழுதார்னுகூடச் சொல்லலாம்."

"யாரும் அழல! நாலு விநாடி! மணி அடிச்சுது, தூக்குனாங்க, முடிஞ்சுது!"

லுவெல்லா என் கோப்பையை நிரப்பினாள். "நாங்க பதினாலு பேர் பாத்தோம். நீ ஒத்த ஆளு. இவங்க யார நம்பணும்?"

அக்டோபர் 19, சனி

பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் கை குலுக்க வந்தார். கடைசிச் சுற்றில் சதி செய்து என்னைத் தள்ளினார்களாமே என்றார். உட்காரவைத்து, முழு உண்மையும் சொன்னேன், அட்டை அட்டையாக.

"எவ்வளவு அடக்கம்!" என்று கண் கலங்கிப் போனார்.

ஆர்டிஸ் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அவள் சிரிப்பு தெரு வரை கேட்டது. எனக்கோ கோபம் வந்தது — உண்மையைச் சொல்லி நம்பவைப்பது இத்தனை கஷ்டமா? பொய்க்கு ஒரு நாளும் இவ்வளவு மூச்சு செலவானதில்லை.

நவம்பர் 6, புதன்

அடுத்த வருஷத்துக்கான விண்ணப்பம் வந்துவிட்டது. "இப்போட்டியில் முன்பு பெற்ற இடம்" என்று ஒரு கட்டம். வழக்கமாக அதில் 'ஏறக்குறைய இரண்டு' என்று எழுதுவேன். இன்று பேனாவை நன்றாக அழுத்தி எழுதினேன்: ஏழு முறை. முதல் சுற்று. வெளியே.

ஆர்டிஸ் வாங்கிப் படித்தாள். ஒரு எழுத்தையும் திருத்தாமல் உறையில் போட்டு ஒட்டினாள்.

போட்டி அலுவலகத்துக்குப் போன் போட்டும் விசாரித்துவிட்டேன். ஏழு முறை தொடர்ந்து முதல் சுற்றிலேயே போன ஆள் இந்த மாநிலத்தில் நான் ஒருவன்தான். எனக்கு அடுத்தவருக்கு வெறும் நாலு. கிட்டவே வர முடியாது. நாளைக்குக் காலையில் லுவெல்லா கடைக்கு முதல் ஆளாகப் போகவேண்டும்.