நல்லாப் பேசப் போறேன்

இன்று டூட்டிங்கில் உங்கள் ஊர்க்காரர் கடையில் கொத்து ரொட்டிக்குக் காத்திருந்தேன், அண்ணே. பக்கத்து மேசையில் ஒரு தாய், கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்த மகளிடம், "தட்டாத, அப்பா பேசுவார்" என்றாள். பேசட்டுமே, அதிலென்ன பயம் என்று சிரித்துவிட்டேன். கல்லாவில் இருந்தவர், "பேசுறது எண்டா ஏசுறது, தங்கச்சி. நீங்கள் மலேசியா போல" என்றார். ரொட்டியை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

ப்ளூம்ஸ்பரி சதுக்கத்துப் புல்லில், ஃபிளாஸ்க் தேநீரோடு நாம் ஐந்து பேர் கூடிய வியாழன்களை மறக்க முடியுமா? நூறு வருடத்துக்கு முன் அங்கிருந்த வீடுகளில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் வியாழன்தோறும் கூடி, மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லிக்கொண்டார்களாம். அதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் நம் வட்டத்தைத் தொடங்கினீர்கள். "அவையளுக்குச் சமையல்காரர் இருந்தவை, எங்களுக்கு ஷிப்ட் இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பீர்கள். "முகத்தாட்சண்யம் பாக்கப்படாது" என்பதும் நீங்கள் போட்ட சட்டம். அந்தச் சட்டப்படி ஒருவருடைய கவிதைகளைக் கிழித்துத் தோரணம் கட்டினோம். பாவம், மனிதர் அதன்பின் வரவேயில்லை.

பிறகு உங்கள் முறை. ஐந்து நோட்டுக் கொப்பிகளில் கையால் எழுதிய நாவலை, மனைவிக்கும் காட்டாமல், முதலில் என்னிடம் தந்தீர்கள். "வேற பிரதி இல்லை, கவனம்." டியூப் ரயிலில் படித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். அப்பப்பா, என்ன எழுத்து! திருப்பிக் கொடுக்க உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள்; உறையில் போட்டு ஒட்டி உங்கள் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று மாலை உங்கள் ஆன்சரிங் மெஷினில் சொன்னேன்: "அண்ணே, வியாழக்கிழமை கண்டிப்பா வாங்க. உங்க நாவலை வச்சு நல்லாப் பேசப் போறேன். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

நீங்கள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. தலைக்கனம் என்று நானும் விட்டுவிட்டேன், பாவி. இரண்டு வருடத்தில் மாரடைப்பு. செத்தவீட்டில் உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொப்பியள் எல்லாத்தையும் கவுன்சில் குப்பைக்குப் போட்டிட்டார், பிள்ளை. ஏனெண்டு கேட்டால், 'அவை எல்லாரும் பேசப் போகினம்' எண்டு மட்டும் சொன்னவர்" என்றார். கூச்சம்போல என்று அன்று நினைத்தேன்.

நான் பாராட்டத்தான் இருந்தேன், அண்ணே. வேறொன்றும் இல்லை. இனி அதை யாரிடம் போய்ச் சொல்ல? அந்த நாவலைப் படித்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். வீடு வரும்வரை உங்கள் வரிகளைத் தேடிப் பார்த்தேன். கதை முழுவதும் நினைவிருக்கிறது. நீங்கள் எழுதிய வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை.