ரயில் பார்க்கப் போன நாள்

கொடைரோடு,
தை கடைசி வெள்ளி.

அன்புத் தங்கை அம்பிகாவுக்கு அக்கா முனீஸ்வரி எழுதுவது. எனக்கும் உன் அத்தானுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் மகள் தமிழ்மதியும் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் கை வரவில்லை.

லீவு முடிந்து நிலக்கோட்டை பாஸிலா குவைத்துக்குத் திரும்புகிறாள். அவளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் பிள்ளை என் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. கூடவே சுண்டவத்தல் இருக்கிறது. நீ வேலை பார்க்கிற வீட்டில் நெடி என்று மூக்கைப் பிடித்தால் பாஸிலா அறையில் வைத்து வறுத்துக்கொள்.

நீ போனதிலிருந்து பிள்ளை ஒரு மாதிரி இருக்கிறாள் என்று அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். ரயில் ஊதினால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். வெளியே இழுத்தால் கடிக்கிறாள். உடம்பு விறைத்து, மூச்சு அடைக்கிற மாதிரி கத்துகிறாள். நம் ஊரில் ரயில் ஊதாத பொழுது ஏது? நான் கடைக்குப் போகச் செருப்பு மாட்டினாலும் அதே கத்தல்தான். எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று தெருவே சொன்னது. திருநீறு போட்டோம், கயிறு கட்டினோம், மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டோம். பொறுமை கெட்டு நானும் இரண்டு போட்டேன். கத்தல் கூடியதே தவிரக் குறையவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் இழுக்கத் தெம்பில்லாமல் நானும் கட்டிலுக்கு அடியில் அவள் பக்கத்தில் படுத்துவிட்டேன். இந்த உடம்பு அதற்குள் எப்படி நுழைந்தது என்று கேட்காதே. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். கத்தி ஓய்ந்து, விக்கல் அடங்கிய பிறகு அவளே கேட்டாள்.

"நான் ரயிலு பாக்கப் போனதாலதான அம்மா போயிருச்சு, பெரியம்மா?"

அம்பிகா, நீ கிளம்பிய அன்று நடந்ததை நினைத்துப் பார். கிளம்புகிற நேரத்தில் பிள்ளை அழுதால் போகிற காரியம் விளங்காது என்றாய். எல்லோரும் தலையாட்டினோம். ரயில் காட்டுகிறேன் என்று அத்தான் அவளை ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனார். கையில் முறுக்கோடு சிரித்துக்கொண்டு திரும்பி வந்தவள் வீடு முழுக்க உன்னைத் தேடினாள். தகப்பன் செத்தபோது அவளுக்கு விவரம் தெரியாது. இருந்தது நீ ஒருத்திதான். அம்மா நாளைக்கு வந்துவிடுவாள் என்று ஆளாளுக்குச் சொல்லிவைத்தோம். உண்மையை யாரும் சொல்லாததால் அந்தப் பிஞ்சு மனசு தானாக ஒரு காரணம் கண்டுபிடித்து, அதைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருக்கிறது.

இப்போது நான் அதட்டுவதில்லை. உன்மேல் தப்பு இல்லை, அம்மா வேலைக்குத்தான் போயிருக்கிறாள் என்று தினமும் சொல்கிறேன். ரயில் சத்தம் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து, பயமா, கோபமா என்று கேட்கிறேன். முந்தாநாள் "அம்மா மேல கோவம்" என்று சொல்லி என் கையைப் போட்டு நெரித்தாள். கடிக்கவில்லை. கடைக்குப் போனால் சொல்லிவிட்டுத்தான் போகிறேன், சொன்னபடி வந்துவிடுகிறேன். வாசலில் நின்று அழுகிறாள். ஆனால் நிற்கிறாள். இவ்வளவுதான் தேறியிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் இன்னும் அவள் தலையணை கிடக்கிறது.

சித்திரையில் லீவில் வருகிறாய், சந்தோஷம். ஆனால் போன வாரம் நீ சொன்னதுதான் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது. திரும்பும்போது பிள்ளை எழுந்திருக்கும் முன்னே கிளம்பிவிடுகிறேன், நீ சமாளித்துக்கொள் என்றாய். அதைச் செய்யாதே. இன்னொரு தடவை அவள் தாங்கமாட்டாள்.

அன்றைக்கு எதிர்வீட்டுப் பழனியம்மாளிடம் போயிட்டு வாரேன் என்றாய். முக்குக் கடையில் சொன்னாய். காளியம்மன் வாசலில் நின்று சொன்னாய். கட்டிக் கிடந்த ஆட்டின் தலையைத் தடவிக்கூடச் சொன்னாய், நான் பார்த்தேன். பெற்ற பிள்ளையிடம் மட்டும் சொல்லவில்லை.

சொன்னால் அழுவாள். காலைக் கட்டிக்கொள்வாள். உன் சேலையைப் பிடித்த கையை நான்தான் விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருக்கும். பிரித்துக்கொள்கிறேன். சகுனம் கெட்டால் கெட்டுப் போகட்டும். அவள் அழுது ஓயும்வரை நான் பக்கத்தில் இருப்பேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்குத் தைரியம் வராது என்றால், இந்தச் சித்திரைக்கு வராதே, தாயி.

எழுதிக்கொண்டிருக்கும்போது பிள்ளை வந்து நின்றாள். அம்மாவுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "இனிமே ரயிலு பாக்கப் போகமாட்டேன்னு எழுதுங்க" என்றாள். அவள் சொன்னபடி எழுதிவிட்டேன்.

காளியம்மன் உனக்குத் துணை இருக்கட்டும். நல்லபடியாக வா. போகும்போது அவளிடம் சொல்லிவிட்டுப் போ.

உன் அக்கா
முனீஸ்வரி